வளவுக்குள் வந்த பாம்பைக் கைபடாமல் கையாளும் முறை

மாரி மழை பிடித்துக்கொண்டதும் வயல் வரம்புகளிலும் பற்றைக் காணிகளிலும் உள்ள வளைகளுக்குள் வெள்ளம் ஏறுகிறது. அங்கே இருந்த எலிகளும், எலியைத் தேடி வந்த பாம்புகளும் மேட்டு நிலத்தை நோக்கி நகர்கின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மேட்டு நிலம் என்பது பெரும்பாலும் யாரோ வீடு கட்டிக் குடியிருக்கும் வளவுதான். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை விறாந்தையிலும் குசினியிலும் கோழிக்கூட்டிலும் பாம்பைக் காண்பது இதனால்தான். தை, மாசியில் அரிவுவெட்டுத் தொடங்கும்போது வயலில் மறைவு குறைந்து, அங்கிருந்த புடையன்கள் வரம்போரத்து வீடுகளின் பக்கம் திரும்புகின்றன.

இக்குறிப்புகள் பாம்பு பிடிக்கப் பழகியவர்களுக்காக எழுதப்பட்டவை அல்ல. பாம்பைக் கண்டதும் கையில் தடியை எடுக்கலாமா, கதவைச் சாத்தலாமா என்று தடுமாறும் வீட்டுக்காரருக்காக எழுதப்பட்டவை. கீழே வரும் முறைகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: பாம்பின் உடல் நீளத்துக்கு உட்பட்ட தூரத்தில் மனிதரின் கையோ காலோ இருக்கக்கூடாது. பாம்பு தன் உடலின் ஒரு பகுதியை மட்டுமே முன்னே வீசிக் கொத்த முடியும் என்பதால், அதன் முழு நீளத்தைக் காட்டிலும் கூடுதலாக, குறைந்தது இரண்டு மீற்றர் தள்ளி நிற்பவருக்கு அது எந்த இனமாக இருந்தாலும் ஆபத்தில்லை.

கண்ட உடனே

முதலில் பாம்பிலிருந்து கண்ணை எடுக்காமல் பின்னால் நகருங்கள். பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறானது: எல்லோரும் சத்தமிட்டு ஓடுவார்கள், தடி தேடுவார்கள், திரும்பி வரும்போது பாம்பு அங்கே இருக்காது. அலுமாரிக்குக் கீழே போனதா, நெல் மூட்டைக்குப் பின்னால் போனதா என்று தெரியாத பாம்பு, கண்முன்னே கிடக்கும் பாம்பைவிட எத்தனையோ மடங்கு தொல்லையானது. ஆகவே வளர்ந்த ஒருவர் தூரத்தில் அசையாமல் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்; இரவென்றால் அவரிடம் ரோச் லைற் இருக்க வேண்டும். மற்றொருவர் பிள்ளைகளையும் நாயையும் வேறு அறையில் விட்டுக் கதவைப் பூட்டட்டும். நாய் பாம்பைச் சுற்றிக் குரைக்கத் தொடங்கினால் அதை இழுக்கப் போகிறவரின் கால்தான் பாம்புக்கு அருகில் போகும்.

அடுத்து, வீட்டின் உட்பக்கத்துக்குப் போகும் கதவுகளைச் சாத்தி, கதவுக்கும் தரைக்கும் இடையிலுள்ள இடைவெளியில் துவாயையோ சாக்கையோ நன்றாகச் செருகுங்கள். விரற்கடை இடைவெளி இருந்தாலே சிறு பாம்பு ஒன்று நுழைந்துவிடும். வெளிக்கதவை மட்டும் அகலத் திறந்து வையுங்கள். பாம்புக்கும் அந்தக் கதவுக்கும் நடுவில் யாரும் நிற்கக்கூடாது. ஆள் அரவம் அடங்கி, வழியும் திறந்திருந்தால் பல பாம்புகள் சுவரோரமாக ஊர்ந்து தாமாகவே வெளியேறிவிடுகின்றன. நாகம் படமெடுத்து நின்றாலும் இதே முறைதான்: அது எச்சரிக்கிறதே தவிரத் துரத்த வரவில்லை, எதிரில் உள்ளவர் முதலில் அசையாமல் நின்று, பிறகு மெதுவாகப் பின்வாங்கினால் படத்தைச் சுருக்கிக்கொண்டு அது நகர்ந்துவிடும். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் நாகபாம்பைக் கண்டால் தள்ளி நின்று கைகூப்பி, “நாகதம்பிரானே, பிள்ளையள் இருக்கிற இடம், போயிடு அப்பு” என்று சொல்லிக் காத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். நயினாதீவு நாகபூசணி அம்மனிலும் புளியம்பொக்கணை நாகதம்பிரானிலும் வைத்த பக்தியால் வந்த வழக்கம் அது. பாதுகாப்புக் கணக்கில் பார்த்தாலும் தூரம், அமைதி, நேரம் ஆகிய மூன்றையும் அது பாம்புக்குக் கொடுத்துவிடுகிறது. பால் வைப்பது மட்டும் வீண் வேலை, பாம்பின் உணவில் பாலுக்கு இடமில்லை.

பாம்பு போகாமல் மூலையில் சுருண்டு கிடந்தால் அந்த அறையைப் பூட்டி இடைவெளியை அடைத்துவிட்டு உதவி கேளுங்கள். வனசீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992. ஊரில் பயிற்சி பெற்ற பாம்பு மீட்பவர் இருந்தால் அவரையும் அழைக்கலாம். அவரிடம் பாம்பு எந்த அறையில், எந்தப் பொருளுக்கு அருகில், ஏறத்தாழ எவ்வளவு நீளம், கடைசியாக எப்போது கண்டது என்பவற்றைச் சொல்லுங்கள். அவர் வரும்வரை நீங்கள் செய்யக்கூடிய நல்ல காரியம் முற்றத்தில் கூடியிருக்கும் அயலவரை அனுப்பிவிடுவதும், வெளிச்சத்துக்கு வழி செய்வதும்தான். கைத்தொலைபேசியில் படமெடுப்பதானால் தள்ளி நின்று உருப்பெருக்கி எடுங்கள்.

மண்ணெண்ணெய் தெளிப்பது, கொதிநீர் ஊற்றுவது, புகை போடுவது என்பவை பாம்பை வெளியேற்றுவதில்லை. வேதனையில் அது கண்ட பக்கமெல்லாம் பாயும், வீட்டுக்குள் தீயும் பிடிக்கலாம். அடித்துக் கொல்லப் போகிறவர் தன் கையை ஒரு தடி நீளத்துக்குள் கொண்டுபோகிறார் என்பதை நினைவில் வைத்திருங்கள். கொன்ற பிறகும் ஆபத்து நீங்கிவிடாது: வெட்டப்பட்ட பாம்புத் தலை கூட நெடுநேரம் தன்னியக்கமாகக் கடித்து நஞ்சைச் செலுத்தக்கூடியது. செத்த பாம்பையும் நீண்ட கோலாலேயே தள்ள வேண்டும்.

இனங்காண்பதில் எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம்

குடாநாட்டில் உயிருக்கு ஆபத்தான தரைப்பாம்புகள் நான்கை எல்லோரும் அறிந்திருப்பது நல்லது. அவை நாகம், புடையன் எனப்படும் முத்திரைப் புடையன், விரியன், சுருட்டை ஆகியவை. சாரையும் கொம்பேறிமூக்கனும் தண்ணீர்ப்பாம்பும் பச்சைப்பாம்பும் இவற்றைக் காட்டிலும் அடிக்கடி கண்ணில் படுகின்றன. அவற்றால் மனித உயிருக்குக் கேடில்லை.

புடையனின் முதுகில் கரும்பழுப்பு நீள்வட்டப் புள்ளிகள் சங்கிலிக் கோவையாக மூன்று வரிசையில் ஓடும். தலை முக்கோணமாகவும் கழுத்து ஒடுங்கியும் இருக்கும். நெருங்கினால் சைக்கிள் ரியூப்பில் காற்று இறங்குவது போல் நீண்டு சீறும். இதைச் சிலர் மண்ணுளிப் பாம்பு என்றும் வெங்கணாந்திக் குட்டி என்றும் எண்ணிக் கையிலெடுத்துவிடுகிறார்கள். மண்ணுளியின் புள்ளிகள் ஒழுங்கற்றவை, வால் குட்டையாக மழுங்கியிருக்கும் என்ற வேறுபாடு புத்தகத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது. மாலை மங்கலில், வைக்கல் நடுவில் பாதி உடல் மட்டும் தெரியும்போது அவ்வளவு தெளிவு கிடைப்பதில்லை. புடையன் முட்டையிடாமல் குட்டி போடும் இனம், பிறந்த குட்டிக்கும் நஞ்சுண்டு. “குட்டிப் பாம்புதானே” என்று செருப்பால் மிதிக்கப் போவதைத் தடுக்க வேண்டும்.

சுருட்டை ஓரடி நீளத்தைச் சற்றே தாண்டும் சிறு பாம்பு. இலங்கையில் அது வறண்ட கரையோர மணற்பகுதிகளில் வாழ்வது. குடாநாட்டிலும் தீவகத்திலும் கற்களுக்குக் கீழும் பனைக் குப்பைக்குள்ளும் பதுங்கி இரவில் வெளிவருகிறது. உடலை மடித்து மடித்துச் செதில்களை ஒன்றோடொன்று உரசி அரக்கும் ஒலியை எழுப்பும், மிக விரைவாகக் கொத்தும். கரையோரக் கிராமங்களில் இரவில் வெறுங்காலுடன் கிணற்றடிக்கோ மலசலகூடத்துக்கோ போகிறவர்கள்தான் இதற்கு முதலில் அகப்படுகிறார்கள்.

நான் கூடுதலாக அஞ்சுவது விரியனுக்குத்தான். எட்டடி விரியன், கட்டுவிரியன் என்றும் அதற்குப் பெயருண்டு. பளபளக்கும் கருநீல உடலில் வெள்ளைக் கோடுகள், பல வேளை இரண்டிரண்டாக, குறுக்கே ஓடும். கழுத்துப் பகுதியில் கோடுகள் மங்கியோ இல்லாமலோ இருக்கும். முதுகுத்தண்டின் மேல் வரிசைச் செதில்கள் மற்றவற்றைவிடப் பெரியவை, அறுகோண வடிவானவை. வீட்டுச் சுவரில் பல்லி பிடிக்க ஏறும், நஞ்சற்ற ஓநாய்ப் பாம்பு இதே நிறத்தில் இருப்பதால் குழப்பம் நேர்கிறது. ஓநாய்ப் பாம்பின் பட்டைகள் தலைக்கு அருகிலேயே அகலமாகத் தொடங்கிவிடும். இந்த வேறுபாட்டை அறிந்து வைத்திருப்பதில் தவறில்லை, ஆனால் அதை நம்பி ஒரு பாம்பைத் தொடுவது பெருந்தவறு. கறுப்பில் வெள்ளை கோடிட்ட எந்தப் பாம்பையும் விரியன் என்றே கொள்ளுங்கள்.

விரியன் பகலில் மந்தமாகக் கிடக்கும். நள்ளிரவுக்குப் பின் எலியையும் பிற சிறு பாம்புகளையும் தேடி வீட்டுக்குள் வரும்போது, தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரின் உடல் அதன் வழியில் கிடக்கிறது. அவர் புரண்டு படுக்கையில் கடி நேர்கிறது. வலி அநேகமாக இல்லை, வீக்கம் இல்லை, பல் பதிந்த இடம் கூடத் தெரியாமல் போகலாம். விடியப்புறம் வயிற்றுவலி, சத்தி. இரவுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டார் சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கையில் கண்ணிமை கீழே விழத் தொடங்கும், பேச்சுக் குழறும், பிறகு மூச்சுத் தசைகள் ஓயும். ஆகவே தரையில் படுத்த ஒருவர் விடியற்காலையில் காரணமில்லாத வயிற்றுவலியோடு எழுந்து, கண்ணிமையை உயர்த்த முடியாமல் இருந்தால், பாம்பை யாரும் காணாவிட்டாலும் விரியன் கடி என்றே எண்ணி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இதைத் தடுக்கும் வழி மலிவானது: கட்டிலில் படுப்பது, முடியாவிட்டால் நுளம்பு வலையைக் கட்டி அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிவர இறுக்கிச் செருகுவது. நுளம்புக்காக வாங்கிய வலை விரியனுக்கும் தடையாகிறது.

வலையிலும் கிணற்றிலும் அகப்பட்ட பாம்பு

கோழி போகாமலிருக்கத் தோட்ட வேலியோரம் பழைய மீன்பிடி வலையைக் கட்டும் பழக்கம் நம்மிடையே பரவலாக உண்டு. நைலோன் வலையின் கண்ணுக்குள் தலையை விட்ட பாம்பு, செதில்கள் பின்நோக்கி அமைந்திருப்பதால், பின்வாங்க முடியாமல் முன்னே போய்ப் போய் இறுகிக்கொள்கிறது. பெரும்பாலும் அது சாரையாகவோ நாகமாகவோ இருக்கும். இரக்கப்பட்டுக் கத்தரிக்கோலுடன் குனிகிறவர் இங்கே கவனிக்க வேண்டியது, வலை உடலைக் கட்டியிருக்கிறதே தவிர வாயைக் கட்டவில்லை என்பதை. பயிற்சி பெற்றவர்கள் பாம்பின் தலையை ஒளி ஊடுருவும் பிளாத்திக் குழாய்க்குள் ஊர விட்டு, தலை திரும்ப முடியாது என்று உறுதிப்படுத்திய பின்னரே நூலை ஒவ்வொன்றாக வெட்டுவார்கள். அவர் வரும்வரை நீங்கள் நின்ற இடத்திலிருந்தே நீண்ட கோலின் நுனியால் ஈரச் சாக்கொன்றைப் பாம்பின் மேல் போட்டு வெயிலை மறைக்கலாம். இருட்டில் அதன் பதற்றமும் தணியும். பிறகு அந்த வலையைக் கழற்றிவிட்டுக் கிடுகோ தகரமோ கட்டுங்கள்.

கட்டுக் குறைந்த கிணற்றுக்குள் விழுந்த பாம்புக்காக யாரும் கிணற்றில் இறங்க வேண்டாம். கிளைகள் உள்ள நீண்ட கொப்பையோ, மூங்கிலில் கயிறு சுற்றியோ, தண்ணீரைத் தொடும்படி சாய்த்து, மேல்நுனி கட்டுக்கு வெளியே வருமாறு வைத்துக் கட்டிவிட்டு இரவு முழுவதும் அந்தப் பக்கம் போகாதிருந்தால் அது ஏறிப் போய்விடும். விடியத் தண்ணீர் அள்ளப் போகிறவர் முதலில் ரோச் அடித்துப் பார்த்த பிறகே கயிற்றில் கைவைக்க வேண்டும்.

பிடித்து வளர்க்க எண்ணுவோருக்கு

கனடாவிலும் ஐரோப்பாவிலும் உள்ள உறவுகள் கண்ணாடிப் பெட்டியில் பாம்பு வளர்க்கும் காணொளிகளைப் பார்த்துவிட்டு, இங்கே வயலில் பிடித்த வெங்கணாந்திக் குட்டியையும் மண்ணுளியையும் வாளிக்குள் வைத்திருக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அங்கே கடைகளில் கிடைப்பவை பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே பெருக்கப்பட்ட நஞ்சற்ற இனங்கள். வயலில் பிடித்த பாம்பு அப்படிப்பட்டதன்று. அது பழகுவதாகத் தெரிவது பெரும்பாலும் பயத்தில் உறைந்து கிடப்பதே. மேலும் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், பாதுகாக்கப்பட்ட காட்டு விலங்கைப் பிடித்து வைத்திருப்பது குற்றமாகும். ஏற்கெனவே வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் திணைக்களத்துக்கு அறிவித்து ஒப்படைப்பதே முறை. அதுவரை மூடியை இறுக்கிப் பூட்டி வையுங்கள், பெட்டியை நீங்கள் மட்டும் கையாளுங்கள், தொட்ட பின் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள். ஊர்வனவற்றின் உடலிலும் எச்சத்திலும் சல்மொனெல்லா கிருமி இருப்பது வழமை. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அது கடும் வயிற்றோட்டத்தைக் கொடுக்கும். நஞ்சற்ற பாம்பு கடித்த காயத்தையும் கழுவி, ஏற்புவலித் தடுப்பூசி பற்றி வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

வளவைத் திருத்துதல்

பாம்பைத் தடுக்க வீட்டு வாசலில் ஆகாசகருடன் கிழங்கைத் தொங்கவிடுவதும் உள்ளியை அரைத்துத் தெளிப்பதும் மனதுக்கு ஆறுதல் தரலாம். பாம்பு வாசனைக்காக வருவதில்லை, எலிக்கும் தவளைக்கும் வருகிறது. கோழித் தீனி சிந்திய இடத்தில் எலி கூடும். ஆகவே தீனியை மூடியுள்ள வாளியில் வைத்து, இரவில் எஞ்சியதை எடுத்துவிடுங்கள். விறகையும் பனைமட்டையையும் சுவரோடு அடுக்காமல், நிலத்திலிருந்து ஓரடி உயர்த்திய மேடையில், வீட்டைவிட்டுத் தள்ளி அடுக்குங்கள். எடுக்கும்போது முதலில் தடியால் தட்டி, பிறகு மேலிருந்து எடுங்கள். உரித்த பொச்சு மட்டைக் குவியல், உடைந்த ஓட்டுக் கும்பி, பனங்கிழங்குப் பாத்தியோரத்துச் சருகு ஆகியவற்றுக்குள் கைவிடுமுன் மண்வெட்டியால் கிளறுவதே பாதுகாப்பு. கழிவுநீர்க் குழாயின் வெளிவாய்க்குக் கம்பிவலை போடுங்கள். விறாந்தையில் கழற்றி வைத்த சப்பாத்தைக் காலையில் தலைகீழாகத் தட்டிய பின் அணியுங்கள்.

கடித்துவிட்டால்

கடிபட்டவரை இருத்தி அல்லது படுக்க வைத்து, கடிபட்ட கை அல்லது காலை அசையாதபடி பலகைத் துண்டோ மட்டையோ வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். மோதிரம், காப்பு, கொலுசு, இறுக்கமான ஆடை ஆகியவற்றை உடனே அகற்றுங்கள், வீங்கிய பின் அவை கழலா. நடக்கவோ ஓடவோ விடாதீர்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசமானது; அது தாமதமாகும் என்று தோன்றினால் ஓட்டோவில் படுக்க வைத்துக் கொண்டுசெல்லுங்கள். சத்தி எடுப்பவரை இடப்பக்கமாகச் சரித்துப் படுக்க வைக்க வேண்டும். கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, பிளேட்டால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எல்லாம் சேதத்தைக் கூட்டுபவை. வலிக்குப் பரசிற்றமோல் தவிர வேறெதுவும் கொடுக்க வேண்டாம். அஸ்பிரின் இரத்தக் கசிவைக் கூட்டும். பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுவரத் தேவையில்லை, தூரத்திலிருந்து எடுத்த படம் இருந்தால் வைத்தியருக்குக் காட்டுங்கள்.

பரியாரியிடம் முதலில் போவது பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2012, 2013 ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதும் நடத்தப்பட்ட வீட்டுக் கணக்கெடுப்பின்படி, ஆண்டுக்கு ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது. அவர்களுள் நஞ்சேறியவர்கள் ஏறத்தாழ 30,000 பேர், இறந்தவர்கள் 400க்கு மேல். எஞ்சிய ஐம்பதினாயிரம் பேர் என்ன செய்தாலும், ஒன்றும் செய்யாவிட்டாலும் பிழைத்திருப்பார்கள். பார்வை பார்த்துக் கயிறு கட்டிய பரியாரியின் பெயர் வளர்வது அவர்களால்தான். உங்கள் வீட்டில் கடிபட்டவர் எந்தக் கணக்கில் சேர்கிறார் என்பது முதல் ஒரு மணித்தியாலத்தில் யாருக்கும் தெரியாது.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை தவிர, தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளும் உள்ளன. அருகில் உள்ளதற்கு முதலில் போங்கள், மாற்ற வேண்டுமானால் அவர்களே அனுப்புவார்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு மக்கள் படகு தேடிக் கரையில் நிற்காமல் தீவிலுள்ள வைத்தியசாலைக்குச் சென்று, அங்கிருந்தே மேற்கொண்டு போகும் ஏற்பாட்டைச் செய்விக்க வேண்டும்.

வைத்தியசாலையில் உடனே மருந்து ஏற்றவில்லை என்று கோபிக்க வேண்டாம். 2 மில்லிலீற்றர் இரத்தத்தை உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, பிறகு ஒரு முறை சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் புடையனோ சுருட்டையோ இரத்தத்தைத் தாக்கியிருக்கிறது என்று பொருள். நஞ்சேறிய அறிகுறி தெரிந்தால் மட்டுமே நஞ்சு முறிப்பு மருந்து கொடுக்கப்படுகிறது. குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படும் அம்மருந்து இந்தியாவிலிருந்து வருகிறது. மேலே சொன்ன நான்கு பாம்புகளுக்கும் பொதுவானது, கடும் ஒவ்வாமையையும் உண்டாக்கக்கூடியது. அதனால்தான் அட்ரினலின் ஊசியும் தயாராக இருக்கிறது. அறிகுறி எதுவும் இல்லாதவரையும் குறைந்தது ஒரு முழு நாள் வைத்திருந்து பார்ப்பார்கள், எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிவராதீர்கள். புடையன் கடித்தவரின் சிறுநீர் குறைகிறதா, நிறம் கறுக்கிறதா என்று பக்கத்தில் இருப்பவர் கவனித்துத் தாதியிடம் சொல்ல வேண்டும். மருந்து ஏற்றி வீடு திரும்பியவருக்கு ஒன்று, இரண்டு கிழமைக்குள் காய்ச்சலும் மூட்டுவலியும் தோலில் தடிப்பும் வந்தால் அது மருந்துக்கு உடல் காட்டும் பிந்திய எதிர்வினையாக இருக்கலாம். சிகிச்சைக் குறிப்பட்டையுடன் அதே வைத்தியசாலைக்குத் திரும்பப் போக வேண்டும்.